கிரேப் கடைச் சுவரில் மூன்று பெண்கள்

'உள்ளூர்ப் பொருட்களில் சமைக்கிறோம்' என்ற வாக்கியத்துக்கு உணவக உலகில் இன்று ஒரு புனிதம் வந்துவிட்டது. கடை வாசலில் அதை எழுதிவிட்டால் கடைக்காரரும் நல்லவர், சாப்பிட வந்தவரும் நல்லவர். இருவரும் சேர்ந்து மண்ணுக்கு ஏதோ உபகாரம் செய்கிறார்கள். நான் அந்த வாக்கியத்துக்கு எதிரி இல்லை. கப்பலேறி வந்த தக்காளியைவிடப் பக்கத்து வயல் தக்காளி எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளூர் என்று எதை எதைக் கணக்கில் எடுக்கிறோம்? மண், மாடு, மாவு, உப்பு எல்லாம் கணக்கில் வருகின்றன. அவற்றை உணவாக்கிய கை வருகிறதா? பிரான்சின் மேற்குக் கோடியில் ஒரு சிறு கிரேப் கடையில் சாப்பிட்ட மதிய உணவை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்.

பிரிட்டனி, அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும் ஒரு தீபகற்பம். பெயர் இங்கிலாந்தை நினைவுபடுத்தினாலும் இது பிரான்சைச் சேர்ந்தது. பிரெத்தோன் என்று அதற்கொரு தனி மொழி உண்டு; பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தண்டித்து ஒடுக்கிய மொழி. மண்ணில் பெரும்பகுதி சத்துக் குறைந்த அமில மண். கோதுமை சரியாக வராத நிலங்களில் பக்வீட் வந்தது. பிரெஞ்சில் அதைக் கருப்புக் கோதுமை என்கிறார்கள். ஆனால் அது கோதுமை இனமே கிடையாது, நம் சுக்கான்கீரையின் குடும்பம். விதைத்து மூன்று நான்கு மாதத்தில் அறுத்துவிடலாம். அந்த மாவில் குளூட்டன் இல்லாததால் ரொட்டியாக உப்பி வராது; கரைத்து மெல்லியதாகப் பரப்பிச் சுட வேண்டும். இல்லாதவர்களின் அன்றாட உணவாகக் கிரேப் நிலைத்தது அப்படித்தான். ரென் நகரப் பக்கம் பக்வீட்டில் சுட்டதைக் கலேத் என்பார்கள். மேற்கே, கெம்பேர் பக்கம், அதுவும் கிரேப்தான். இன்னும் மெல்லியதாக, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். கோதுமை மாவும் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்தால் அது இனிப்புக் கிரேப்.

நாங்கள் போன கடை கெம்பேரின் பழைய தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. பன்னிரண்டு மேசை, காகித விரிப்பு, ஆப்பிள் சைடர் குடிக்கக் கைப்பிடி வைத்த பீங்கான் கிண்ணம். சைடர் வேண்டாம் என்றால் கெட்டி மோர் தருவார்கள். என்னோடு வந்த தோழி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இருபது ஆண்டுகளாகப் பாரிஸ் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருக்கிறாள். அவள் பட்டியலைப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மாவுக்கு ஆலையின் பெயர் இருந்தது. வெண்ணெய்க்குப் பண்ணையின் பெயர். பன்றித்தொடை இறைச்சி எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறது என்ற கணக்கு. மத்தி மீனுக்குத் துவார்னெனே துறைமுகம், உப்புக்குக் கெராந்த் உப்பளம். கடைசிப் பக்கத்தில் பண்ணைக்காரர்கள் நான்கு பேர் புகைப்படத்தில் சிரித்தார்கள். நான்கு பேரும் ஆண்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகாது. முதலில் வந்தது 'கொம்ப்லேத்': பக்வீட் கிரேப்பின் நடுவே முட்டை, பன்றித்தொடை, சீஸ், நான்கு ஓரமும் உள்ளே மடிக்கப்பட்டுச் சதுரமாக இருந்தது. மாவில் லேசான கசப்பு, சுட்ட கொட்டையின் மணம். வெண்ணெயில் உப்பு தூக்கலாக இருந்தது. அந்த உப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. முடியாட்சிக் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியை நசுக்கிய உப்பு வரியிலிருந்து பிரிட்டனிக்கு விலக்கு இருந்தது. அதனால் இங்கே ஏழை வீட்டிலும் வெண்ணெயில் தாராளமாக உப்பு சேர்ந்தது. இரண்டாவதாக மத்தி மீன் வைத்த கிரேப். மூன்றாவது உப்புவெண்ணெய்க் கேரமல் ஊற்றிய இனிப்பு. ஒன்றிலும் கைப்பிசகு இல்லை.

"எங்கட தோசை மாதிரித்தான் அக்கா, உளுந்து மட்டும்தான் இல்லை" என்றாள் தோழி. ஒப்பீடு மேலோட்டமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தோசையும் கிரேப்பும் ஒவ்வொன்றாகச் சுட வேண்டியவை. சோறு, குழம்பு, கூழ், சூப் எல்லாம் ஒரே பானையில் வெந்துவிடும். சமைத்தவளும் உட்கார்ந்து சாப்பிட வழியுண்டு. ஒவ்வொன்றாகச் சுடும் உணவில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி. அப்படியென்றால் மற்றவர் சாப்பிடச் சாப்பிட ஒருத்தி நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவள் முறை வரும்போது மாவு அடிச்சட்டியில் இருக்கும், பசி போயிருக்கும். சமையலில் பாலினப் பாகுபாடு என்று பேசும்போது யார் சமைக்கிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எந்த உணவு யாரை எத்தனை நேரம் நிற்கவைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணவின் வடிவத்துக்குள்ளேயே ஒரு வேலைப் பிரிவினை எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண். அடுப்புகள் கூடத்தைப் பார்த்தபடி இருந்தன, சுடுவதை வாடிக்கையாளர் வேடிக்கை பார்க்கலாம் என்பதற்காக. பிலிக் என்பது வட்டமான வார்ப்பிரும்புக் கல். இரண்டு பிலிக், இரண்டுக்கும் அவர் ஒருவரே. கொழுப்புத் தடவிய துணியால் கல்லைத் துடைப்பார், ஒரு கரண்டி மாவை ஊற்றுவார், மரத்தால் ஆன சிறு மட்டப்பலகை போன்ற ரோசெலை மணிக்கட்டால் சுழற்றி விளிம்புவரை பரப்புவார், நீண்ட மெல்லிய மரக்கத்தியால் ஓரத்தை எடுத்துத் திருப்புவார். அதற்குள் அடுத்த கல் காய்ந்திருக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டேகால்வரை நாங்கள் இருந்தோம். அந்த நேரம் முழுவதும் அவர் அந்த இரண்டு கல்லைவிட்டு நகரவில்லை.

"இவ எத்தினை மணிக்குச் சாப்பிடுவா? பொறுங்கோ அக்கா, நான் கேக்கிறன்" என்று எழுந்து போனாள் தோழி. கூட்டம் குறைந்த நேரம். அவரும் பேசத் தயாராக இருந்தார். கடை திறக்கும் முன்பு பதினொன்றரைக்கு ஏதாவது சாப்பிடுவார், இல்லாவிட்டால் மூன்று மணிக்கு. கிரேப் சாப்பிடுவாரா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றையும் காய்கறியையும் காட்டினார். தோள்மூட்டு ஒருமுறை சிகிச்சை பெற்றிருக்கிறது. கடை அவருடையது இல்லை; அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பட்டியலின் முதல் பக்கத்தில் 'பாட்டியின் செய்முறை' என்று போட்டிருக்கிறதே, அது உங்கள் பாட்டியா என்று நான் கேட்கச் சொன்னேன். அவருடைய பாட்டி கிரேப் சுட்டதே இல்லையாம். கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கிரேப்பைக் கடையில் பொட்டலமாக வாங்கி வருவாராம். இவர் தொழிலைக் கற்றுக்கொண்டது பயிற்சி வகுப்பில், கட்டணம் கட்டி.

இந்தப் பதில் என்னை அந்தக் கடையின் சுவர்களைத் திரும்பப் பார்க்க வைத்தது. சுவர்களிலும் பட்டியலிலுமாக மூன்று பெண்கள் இருந்தார்கள்: ஓர் அரசி, ஒரு பாட்டி, ஒரு வேலைக்காரி. பிரிட்டனியின் கிரேப் கடைகள் பலவற்றில் இந்த மூவரைப் பார்க்கலாம். உள்ளூர்த்தன்மைக்குச் சான்றாக நிறுத்தப்படுபவர்கள் இவர்கள்தான்.

அரசியின் பெயர் ஆன். பிரிட்டனியின் கோமகள். பக்வீட்டை இந்த மண்ணில் வளர்த்துவிட்டவள் அவள்தான் என்று பட்டியல் பெருமை பேசுகிறது. ஆனின் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது வேறு. 1491இல், பதினான்கு வயதில், பிரான்சின் மன்னன் எட்டாம் சார்லஸுக்கு அவளை மணமுடித்தார்கள். வாரிசின்றி மன்னன் இறந்தால் அடுத்து வரும் மன்னனையே அவள் மணக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மன்னன் இறந்தான், 1499இல் பன்னிரண்டாம் லூயியை மணந்தாள். ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு இணைக்கும் சாவியாக ஒரு பெண்ணின் கருப்பை பயன்பட்டது. திரும்பத் திரும்பக் கருவுற்றாள். பிழைத்தவை இரண்டு பெண் குழந்தைகள் மட்டும். 1514இல், முப்பத்தேழு வயது நிறைவதற்குள் இறந்துபோனாள். அவளைப் பக்வீட்டின் தாயாக்கிச் சுவரில் மாட்டும்போது இந்தக் கதை முழுவதும் மாவுக்குள் மறைந்துவிடுகிறது.

பாட்டிக்குப் பெயர் இல்லை. 'மம்கோஸ்' என்று பிரெத்தோன் மொழியில் சொல்லி விடுகிறார்கள். வெள்ளைக் குல்லாய், சுருங்கிய முகம், கையில் ரோசெல். அவள் அன்பினால் சுட்டாள் என்பது அந்தப் படத்தின் செய்தி. ஆனால் பிரிட்டனிக் கிராமங்களில் கிரேப் சுடுவது பெண்களின் கூலித் தொழிலாகவும் இருந்தது. கிரேப் சுடும் பெண்கள் பண்ணை வீடுகளுக்குப் போய்ச் சுட்டுக் கொடுத்தார்கள். தங்கள் வீட்டில் சுட்டு டஜன் கணக்கில் விற்றார்கள். வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்க்கும் நாள் என்பதால் அன்றைக்கு வேலை அதிகம். எண்ணிக்கை தெரிந்த வேலை, காசு வாங்கிய வேலை. அதைப் பாட்டியின் பாசமாக மாற்றிவிட்டால் கூலி என்ற சொல் காணாமல் போகிறது. பாசத்துக்கு நேரக் கணக்கும் இல்லை, தோள்வலிக்கு ஈடும் இல்லை. இன்றைக்குச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணையும் அந்தப் படம் அதே பாசத்தின் வாரிசாக்கிவிடுகிறது. பயிற்சிக்கு அவர் கட்டிய பணம் அந்தச் சட்டகத்துக்குள் அடங்காது.

வேலைக்காரியின் பெயர் பெக்காசின். பச்சை உடை, வெள்ளைக் குல்லாய், உருண்டை முகம். 1905இல் பாரிஸின் வசதியான வீட்டுச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய ஒரு வார இதழில் பிறந்த சித்திரப் பாத்திரம். பிரிட்டனியிலிருந்து எசமானி வீட்டுக்கு வந்த, எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளும் அப்பாவி. பெரும்பாலான படங்களில் அவளுக்கு வாய் வரைந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிரெத்தோன் பெண்கள் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் இறங்கிப் பாரிஸ் வீடுகளில் வேலைக்குப் போனார்கள். வீட்டில் பேசிய மொழிக்குப் பாரிஸில் மதிப்பில்லை. எசமானியின் மகள் படிக்கும் இதழில் அவர்கள் வாயில்லாத வேடிக்கையானார்கள். 1939இல் பாரிஸ் மெழுகுச்சிலைக் காட்சியகத்தில் இருந்த பெக்காசின் சிலையைப் பிரெத்தோன் இயக்கத்தினர் உடைத்தார்கள். இன்றைக்கு அதே பெக்காசின் பிரிட்டனியில் தேநீர்க் கோப்பையிலும் சுவர்த் தட்டிலும் இருக்கிறாள். கேலிசெய்யப்பட்டவர்களே கேலிப் படத்தை விற்பதில் ஒரு குறும்பான மீட்பு இருக்கிறது என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதத்தில் பாதிச் சம்மதம். ஆனால் அந்தக் கடையில் அவளுக்குக் கீழே வேலை செய்தவருக்கும் பேச வாய்ப்புக் கிடைத்தது, ஒருத்தி எழுந்துபோய்க் கேட்டதால்தான். கேட்டவளும் இந்த நாட்டில் அடுத்தவர் இடத்தைத் துடைத்துப் பிழைப்பவள். ஒரு காலத்தில் பிரெத்தோன் பெண்கள் பார்த்த வேலையைப் பாரிஸில் இப்போது யார் யார் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுவரை விட்டுத் தட்டுக்கு வருகிறேன். பட்டியல் பெயர் சொல்லிப் பெருமைப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெண் வரலாறு இருக்கிறது. அதைத் தேட ஆவணக் காப்பகத்துக்குள் போக வேண்டியதில்லை. அந்த வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த வரலாறுதான்.

கெராந்த் உப்பை எடுத்துக்கொள்வோம். உப்பளத்தின் மேல்பரப்பில் மெல்லிய ஏடுபோலப் படியும் 'உப்புப் பூ' இன்று விலை உயர்ந்த சரக்கு. அதை வழித்தெடுப்பது மரபாகப் பெண்களின் வேலை. பாத்திகளுக்கு நடுவே குவித்த உப்பை மரப்பாத்திரத்தில் நிரப்பி, தலையில் வைத்து, வழுக்கும் களிமண் வரப்பில் வெறுங்காலோடு சுமந்து கரை சேர்த்தவர்களும் பெண்களே. வேதாரண்யத்தையோ தூத்துக்குடியையோ பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. உப்பின் பெயரில் பூ இருக்கிறது, ஊர் இருக்கிறது. சுமந்த தலை இல்லை.

மத்தி மீன் வந்த துவார்னெனே, கெம்பேரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம். நூறு ஆண்டுக்கு முன் அந்த ஊர் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளால் நிறைந்திருந்தது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். பெண்கள் தலை கிள்ளி, பொரித்து, அடுக்கினார்கள். படகு எப்போது கரைக்கு வருகிறதோ அப்போது வேலை, நள்ளிரவானாலும். அவர்கள் அணிந்த சிறிய வெள்ளைக் குல்லாயை வைத்து 'பென் சார்தின்', மத்தித் தலை, என்று அவர்களை அழைத்தார்கள். 1924 நவம்பரில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது மணிக்கு 80 சான்தீம் கூலி. ஆறு வாரத்துக்கும் மேல் போராடி, 1925 சனவரியில் மணிக்கு 1 பிராங்க் கூலியும் இரவு வேலைக்குக் கூடுதல் ஊதியமும் பெற்றார்கள். அந்த ஆண்டு மே மாத நகராட்சித் தேர்தலில் ஜோசபின் பென்கலே என்ற தொழிலாளியைப் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளராக நிறுத்தியது. வென்றார். பிரான்சில் பெண்களுக்கு அப்போது வாக்குரிமையே இல்லை. அதைக் காரணம் காட்டி அவர் தேர்வு ரத்து செய்யப்பட்டது. சட்டம் அந்த உரிமையைக் கொடுக்க 1944வரை ஆயிற்று.

கடையின் சுவரில் மத்தித் தலைக் குல்லாய் அணிந்த பெண்கள் கூட்டமாக நிற்கும் பழைய அஞ்சலட்டை ஒன்றும் இருந்தது. 'அன்றைய துவார்னெனே' என்று மட்டும் எழுதியிருந்தது. அழகான படம். அந்தக் குல்லாயை வேலைநிறுத்தத்தின் அடையாளமாகப் பார்க்க அந்த இரண்டு சொற்கள் விடவில்லை.

பன்றித்தொடைக்கு வருவோம். பிரான்சின் பன்றிகளில் பாதிக்கும் மேல் பிரிட்டனியில் வளர்கின்றன. ஆகவே இங்கே பன்றி இறைச்சியை உள்ளூர்ப் பொருள் என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் உள்ளூர் என்பதாலேயே அது சிறியது, இயற்கையானது என்று ஆகிவிடாது. வயலில் கொட்டும் உரத்திலும் கால்நடைக் கழிவிலும் இருந்து நைட்ரேட் ஆற்றில் கலந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் பச்சைப் பாசி மண்டுகிறது. அது அழுகினால் நச்சு வாயு. இதைப் பற்றி இனெஸ் லெரோ என்ற பெண் பத்திரிகையாளர் விடாமல் எழுதி, 2019இல் சித்திர நூலாகவும் கொண்டுவந்தார். 2023இல் அது திரைப்படம் ஆனது. கிலோமீட்டர் கணக்குப் போடும் பட்டியலில் இந்தக் கணக்குக்கு இடமில்லை.

இறைச்சித் தொழிலின் கைகள் யாருடையவை? லாம்போல்-கிமிலியோ என்ற ஊரில் காத் என்ற பன்றி இறைச்சித் தொழிற்சாலை 2013இல் மூடப்பட்டு ஏறத்தாழ 900 பேர் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அப்போது பொருளாதார அமைச்சராக இருந்த இமானுவேல் மக்ரோன் வானொலியில் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசினார். அங்கே பெரும்பான்மை பெண்கள் என்றும் அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றும் சொன்னார். ஓட்டுநர் உரிமம் வாங்க ஆகும் செலவையும் காத்திருப்பையும் குறைக்க வேண்டும், அப்போதுதான் இவர்கள் தூரத்து வேலைக்குப் போக முடியும் என்று வாதிடுவதற்காகச் சொன்னதுதான். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை ஏற்கலாம். ஆனால் அந்தப் பெண்களைப் பற்றிப் பேச வந்தவுடன் நாக்கில் முதலில் வந்து நின்ற சொல் எது என்பதை மறக்க முடியாது. பல ஆண்டு குளிர் அறையில் நின்று கத்தி பிடித்த திறமை அவர் நினைவுக்கு வரவில்லை, எழுத்தறிவின்மை வந்தது. பெக்காசினை வரைந்த கோடு நூறு ஆண்டு கழித்தும் அழியவில்லை.

கடைசியாக மாவு. 'பிரிட்டனிக் கருப்புக் கோதுமை மாவு' என்ற பெயருக்கு 2010இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. அது தேவையான பாதுகாப்புதான். பிரிட்டனியில் தின்னப்படும் பக்வீட்டில் ஒரு பகுதி சீனாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. அதுவும் உள்ளூர்ப் பொருள்போல விலைபோவதை இந்த முத்திரை தடுக்கிறது. அதே 2010இல் பிரான்சில் இன்னொன்றும் நடந்தது. விவசாயக் கூட்டுப் பண்ணை என்ற சட்ட அமைப்பை 1962இல் உருவாக்கியிருந்தார்கள். அண்ணன் தம்பி சேர்ந்து அதை அமைக்கலாம், அப்பாவும் மகனும் அமைக்கலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் சமபங்காளிகளாக அமைக்க முடியாது. அந்தத் தடை நீங்கியது 2010 சூலையில். அதுவரை பல பண்ணைப் பெண்கள் விடியலில் பால் கறந்து, கன்று பார்த்து, கணக்கு எழுதி, அரசுப் படிவத்தில் 'தொழில் இல்லை' என்று நிரப்பியவர்கள். ஒரு மாவு தன் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற ஆண்டும், அதை விளைவித்த பெண் தன் கணவனோடு சமபங்காளியாகப் பதிவுசெய்ய உரிமை பெற்ற ஆண்டும் ஒன்றே. கடைசிப் பக்கத்துப் படத்தில் நான்கு ஆண்கள் மட்டும் சிரிப்பதற்கான காரணம் இந்தச் சட்ட வரலாற்றில் இருக்கிறது.

இதற்கு மாற்று என்ன? சுடுபவரின் படத்தையும் பட்டியலில் அச்சடித்துவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. அப்படிச் செய்தால் நாலாவது பெண்ணாக அவரும் அலங்காரத்தில் சேர்வார். பெயர் போடுவது கூலியை உயர்த்தாது. கூலி உயர்ந்த இடத்தில்தான் பெயருக்கு மதிப்பு. நான் கேட்பது சின்ன விஷயங்கள். ஆட்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடலாம். கல்லின் உயரத்தை அவரவர் உடம்புக்கு ஏற்ப மாற்றலாம். பாட்டி என்ற பெயரில் விற்கும் கைத்திறனுக்கு, அதைக் காசு கொடுத்துக் கற்றவருக்கு உரிய சம்பள நிலை கொடுக்கலாம். கிலோமீட்டரைச் சொல்லும் கடை வேலை நேரத்தையும் சொல்லலாம். உள்ளூர் என்ற சொல்லை வைத்துக் கூடுதல் விலை வாங்கும் இடம், அந்தக் கூடுதலில் எவ்வளவு கைக்குப் போகிறது என்று சொல்லக் கடமைப்பட்டது.

இந்த விமர்சனத்தைப் பிரிட்டனியோடு நிறுத்திக்கொண்டால் அது சுற்றுலாப் பயணியின் குறைகூறல் ஆகிவிடும். சென்னையிலும் கோவையிலும் சிறுதானிய உணவகங்கள் வந்துவிட்டன. சாமைப் பொங்கல், வரகுத் தோசை, சுவரில் திருகையோடு ஒரு பாட்டி. நல்ல உணவுதான், அவை வளரட்டும். ஆனால் சாமை ஏன் தட்டைவிட்டுப் போனது என்பதை அந்தச் சுவர் சொல்வதில்லை. கொல்லிமலையில் சாமைச் சாகுபடி சுருங்கியதற்கு மரவள்ளி பரவியது ஒரு காரணம். உரலில் குத்தி உமி நீக்கும் உழைப்பு பெண்கள் தலையில் இருந்தது இன்னொரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது இதைக் கண்டுதான் உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. உமி நீக்கிய அரிசி கையில் கிடைத்தபோது பெண்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள் என்றால் அதைப் பாரம்பரியத்தைக் கைவிட்டதாக யாரும் பழிசொல்ல வேண்டாம். அது அவர்கள் தோள்கள் எடுத்த முடிவு. சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் உலக்கையை யார் கையில் கொடுக்கப்போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. கூலி கிடைக்கும் தோசைக்கல் பெரும்பாலும் ஆண் கையில் இருக்கிறது. அவருக்கு 'மாஸ்டர்' என்று பெயர். கூலி கிடைக்காத தோசைக்கல் வீட்டில், பெண் கையில். பிரிட்டனியில் கூலிக் கல்லின் முன்னும் பெண் நிற்கிறாள், பாட்டி என்ற பெயரில். இரண்டு ஏற்பாட்டிலும் வேலைக்கு வைத்த பெயர்தான் விலையை முடிவுசெய்கிறது.

உள்ளூர் உணவகங்களை மதிப்பிட நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ருசிக்கு இத்தனை, இடத்துக்கு இத்தனை, பொருளின் மூலத்துக்கு இத்தனை. என் தோழி எழுந்துபோய்க் கேட்டதையும் அதில் ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. கல்லின் முன் நிற்பவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், உட்கார்ந்தா, நின்றா? கெம்பேரிலும் கேட்கலாம், கோவையிலும் கேட்கலாம், நம் வீட்டுச் சமையலறையிலும் கேட்கலாம். கேட்பதற்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.